ஞாயிறு வரை உடைக்காத கடிதம்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில், மா போட்டுவைக்கிற மாப்பேணிக்குப் பின்னால், இன்னொருவருடைய சொக்லேட் பெட்டி இருந்தது. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டாய் இருக்கும். நாங்கள் அப்போது சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்களுக்கு மேலே, கூரைக்கு நேர் கீழே, ஒற்றை அறை ஒன்று. அதில்தான் அந்த அண்ணை இருந்தார். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே வேலைக்காரர் எல்லாருக்கும் ஒரு பெட்டி சொக்லேட் கொடுப்பார்கள். அவர் அதை உடுப்பு மாற்றுவதற்கு முதலே கொண்டுவந்து என் கையில் தருவார்.

"தங்கச்சி, இதை உங்கட வீட்டில வையுங்கோ. ஞாயிறுக்கு ஞாயிறு வந்து ஒண்டு எடுக்கிறன்."

"ஏன் அண்ணை, உங்கட அறையில இடமில்லையோ?"

"இடம் இருக்கு. எனக்குக் கண்ணும் இருக்கெல்லோ."

அவரைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் இந்தக் கண் கதைக்குள் அடங்கிவிடும். ஆசை வந்தபிறகு அதோடு மல்லுக்கட்டுகிற ஆள் இல்லை அவர். ஆசை வருகிற வழியில் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கிற ஆள். கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கதவைச் சாத்தி அவர் சாமானை வைத்த வீடு எங்களுடையது. மாசி வரை வரவேண்டிய பெட்டி தை பிறக்க முதலே முடிந்துவிட்டது. நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் "ஒன்றுதானே" என்று எடுத்து முடித்த பெட்டி அது. ஞாயிறு வந்து திறந்தவர், வெறும் தாள்களைக் கிளறிப் பார்த்தார்.

"என்ர கண்ணுக்குப் பயந்து கொண்டுவந்து உங்கட வாய்க்குள்ள வைச்சிருக்கிறன்," என்றார்.

அடுத்த நத்தாருக்கும் கொண்டுவந்து தந்தார். "அண்ணை, போன முறை நாங்கள் திண்டிட்டமே," என்றேன். "ஓம். திண்டிட்டம் எண்டு நேர சொல்லுற வீடு. அது காணும்," என்றார்.

சிகரெட்டை விட்டதும் இதே மாதிரித்தான். ஊரிலிருந்து வந்தபோது நாளுக்கு ஒரு பெட்டி பத்தியவர். எப்படி விட்டீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. நல்ல கதையொன்று காதில் விழுந்தால் எனக்கு அது போகாது.

"நான் மனத்துக்கு ஒருநாளும் 'இல்லை' எண்டு சொன்னதில்லை. 'பிறகு' எண்டுதான் சொன்னனான். இல்லை எண்டால் அது சண்டைக்கு வரும். பிறகு எண்டால் நாய்க்குட்டி மாதிரிக் காலடியில படுத்துக்கிடக்கும். எழும்பினால் இன்னொருக்காப் பிறகு."

என் கணவரும் முயன்று பார்த்தார். அவருடைய 'பிறகு' தேத்தண்ணி ஆற முதலே வந்துவிட்டது.

அண்ணையின் 'பிறகு'களில் பெரியது கடிதம். கலியாணம் கட்டி ஆறு மாதத்தில் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர். பிள்ளை இல்லை. ஊரில் டெலிபோன் இல்லை. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால்தான் அந்த அக்காவின் கடிதம் தபாலில் சேரும். மாதத்துக்கு ஒன்று வரும், சிலவேளை இரண்டு மாதத்துக்கு ஒன்று. அவருடைய அறைக்குத் தபால்பெட்டி இல்லாததால் எங்கள் பெட்டியில் எங்கள் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் ஒட்டியிருந்தோம். கடிதத்தை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வாங்குவார், முன்பின் பார்ப்பார், போய்த் தன் நல்ல கோட்டின் உள்பையில் வைத்து அலுமாரிக்குள் தொங்கவிடுவார். அந்தக் கோட்டை ஞாயிறு மட்டுந்தான் போடுவார். திங்கள் வந்த கடிதமென்றாலும் ஞாயிறு காலமை முழுகி, கோட்டைப் போட்டு, யன்னலுக்குப் பக்கத்தில் இருந்துதான் உடைப்பார். பிறகு எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார். அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடப் போகும்.

நானென்றால் தபால்பெட்டிக்கு முன்னால் நின்றே கிழித்துவிடுவேன். அவருடைய கடிதத்தைக்கூட வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

"எப்பிடி அண்ணை பொறுக்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

வந்த புதிதில் வேலையிடத்தில் வைத்துக் கடிதத்தை உடைத்தாராம். ஆஸ்பத்திரிக் குசினியில் சாப்பாட்டுத் தட்டுகள் பட்டியில் வரிசையாக ஓடிவரும். ஒவ்வொரு தட்டிலும் இன்ன நோயாளிக்கு இன்ன சாப்பாடு என்று அட்டை இருக்கும். வாசித்த கையோடு போய் நின்றவர், உப்பில்லாத சூப் வைக்கவேண்டிய தட்டில் மற்றதை வைத்துவிட்டார். தானே கண்டு, மேலே விறாந்தைவரை ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாராம்.

"அண்டைக்கு முடிவெடுத்தனான், வேலை நாளில வாசிக்கிறேல்லை எண்டு. பிறகு பாத்தால் அதில ஒரு சுகமும் இருக்கு, தங்கச்சி. வாசிச்சால் முடிஞ்சுபோம். வாசியாமல் வைச்சிருந்தால் ஆறு நாளும் அவ கதைக்கப் போறா, கதைக்கப் போறா எண்டு இருக்கும்."

அப்போது நான் பகலில் குழந்தைகளைப் பார்க்கிற ஒரு காப்பகத்தில் துப்பரவு வேலை செய்தேன். அங்கே பொறுப்பாயிருந்த சுவிஸ் மனுசி ஒரு விளையாட்டு வைத்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு பிஸ்கற். முட்டை அவிக்க நேரம் வைக்கிற மணி அடிக்கும்வரை தொடாமல் இருந்தால் இரண்டாவதும் கிடைக்கும். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பிஸ்கற்றை முறைத்துப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் தோற்றுப்போனார்கள். வென்றவர்களில் ஒருத்தி கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். ஒருத்தன் பாட்டுப் பாடினான். இன்னொருத்தி தன் கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலே இருந்தாள். பொஸ்னியாவிலிருந்து வந்து ஒரு மாதமான சின்னப் பெண் ஒருத்தி மட்டும், மனுசி விளையாட்டைச் சொல்லி முடிக்க முதலே தின்றுவிட்டாள். "இவளுக்குப் பொறுமை பழக்கவேணும்," என்றாள் மனுசி.

அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். கதிரையைத் திருப்பிய பிள்ளையின் கதையைக் கேட்டு அண்ணைக்கு நல்ல சந்தோஷம். தன் சொந்தக்காரப் பிள்ளை பாசானமாதிரி. பொஸ்னியப் பெண்ணின் கதைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"அதுக்குப் பொறுமை இல்லாமலில்லை, தங்கச்சி. 'கொஞ்சம் பொறு, பிறகு வீட்டை வருவம்' எண்டு சொல்லித்தானே அந்தப் பிள்ளையை வெளிக்கிடுத்தியிருப்பினம். பிறகு எண்டு சொன்னது வந்து சேர்ந்தால்தானே அடுத்தமுறை பொறுக்கலாம்."

"அப்ப உங்களுக்கு என்ன வந்து சேர்ந்தது, அண்ணை? அக்காவைக் கூப்பிட பெர்மிட்டும் வரேல்லை, அக்காவும் வரேல்லை."

"கடிதம் வருதே. ஒண்டுகூடத் தவறினதில்லை."

கனகாலம் கழித்து நூலகத்தில் மூளை பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து அகராதியும் கையுமாக வாசித்தேன். 'இப்பவே தா' என்கிற பகுதி உள்ளே ஆழத்தில் இருக்கிறதாம், பிறந்த நாள் தொடக்கம் முழிப்பாம். 'பொறு' என்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால், மெல்ல மெல்லத்தான் முற்றுமாம். தன்னை நன்றாக அடக்குகிறவர்கள் மற்றவர்களைவிடப் பலசாலிகள் இல்லையாம், சண்டையே வராதபடி பார்த்துக்கொள்கிறவர்களாம். இதைத்தானே அந்த மனுசன் எங்கள் மாப்பேணிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார் என்று நினைத்தேன். ஆனால் நான் தேடின இடம் அந்தப் புத்தகத்தில் இல்லை. பொறுத்துக்கொண்டிருப்பதன் மறுபக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தொண்ணூற்றுமூன்று மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. வழக்கமாக அக்காவின் கடிதம் கையில் கனக்கும். இது ஒற்றைத் தாள்போல இருந்தது. பின்பக்கத்தில் ஊர் விலாசமும் இல்லை, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் விலாசம் இருந்தது. அண்ணை வேலையால் வந்தபோது படியிலேயே மறித்துக் கொடுத்தேன்.

"அண்ணை, இது கொழும்பு விலாசம்."

பார்த்தார். "ஆரிட்டையும் குடுத்து விட்டிருப்பா. அவை தங்கட விலாசத்தை எழுதியிருப்பினம்."

"மெல்லிசாவும் கிடக்கு."

"தாள் தட்டுப்பாடாக்கும்."

உடைச்சுப் பாருங்கோவன் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய அந்தப் பழக்கத்தில் எனக்கே ஒரு பெருமை வந்திருந்தது. ஊராருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். என் வாழ்க்கையில் நான் நாக்கை அடக்கினது அந்த ஒருநாள்தான். அன்றைக்கென்று அடக்கியிருக்கக் கூடாது.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவர் சாப்பிட வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. நான் மேலே போனேன். கதவு திறந்தபடி இருந்தது. கோட்டோடு கட்டிலில் இருந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார். அக்காவின் எழுத்து, பத்து வரிகூட இல்லை.

"கடல் கடந்து, பஸ் ஏறி, கொழும்புக்கு வந்து நிற்கிறேன். அடுத்த கிழமை புதன் தொடக்கம் சனி வரை பின்னேரம் ஐந்து மணிக்குக் கீழே எழுதியிருக்கிற கொமினிகேசன் கடை இலக்கத்துக்கு டெலிபோன் எடுங்கோ, பக்கத்தில் இருப்பேன். ஊரைவிட்டு வெளிக்கிட எடுத்த பாஸ் ஞாயிறோடு முடியுது, காலமை திரும்பவேணும். ஐந்து வருஷம் ஆகிறது. நான் இன்னும் பொறுத்திருக்கவோ இல்லையோ, அதை உங்கள் வாயால் கேட்கவேணும். நீங்கள் எடுக்காவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போவேன்."

"அங்கத்தைய அஞ்சு மணி, இஞ்ச பன்னிரண்டரை," என்றார் அண்ணை. "என்ர இடைவேளை நேரம். நாலு நாளும் அந்த நேரம் சாப்பாட்டு அறையில சும்மா இருந்தனான், தங்கச்சி. டெலிபோன் எனக்குப் பக்கத்துச் சுவரில."

எங்கள் வீட்டு டெலிபோனிலிருந்து அந்த இலக்கத்துக்கு எடுத்தோம். கடைக்காரர் எடுத்தார். "அந்தப் பிள்ளையோ? ஓம், இஞ்ச கதிரையில இருந்து பாத்தவ. கோல் வரேல்லை எண்டு போயிட்டா." அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அண்ணை நன்றி சொல்லி, வலு மெதுவாக ரிசீவரை வைத்தார். சொக்லேட் ஞாயிறு வரை சொக்லேட்டாகத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதம் அப்படியில்லை. அதற்குள் ஒரு மனுசி கதிரையில் இருக்கலாம்.

அன்றைக்கே எங்கள் மேசையில் இருந்து பதில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன், வேறொரு காரணமும் இல்லை, எனக்காகப் பொறுத்திருங்கோ என்று கேட்க எனக்கு உரிமை இருக்கோ தெரியாது, ஆனால் கேட்கிறேன் என்று எழுதினார். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, உதை எழுதாதையுங்கோ. காய்ச்சல், ஆஸ்பத்திரியில கிடந்தனான் எண்டு எழுதுங்கோ. கோட்டுப் பை எண்டால் எந்தப் பொம்பிளை நம்புவாள்?"

"நம்பாட்டில் விடட்டும். நடந்தது இதுதானே," என்றார் அண்ணை.

அதே கடிதத்தை மூன்று பிரதி எழுதினார். ஒன்று தபாலில். மற்ற இரண்டும் கொழும்புக்குப் போகிற இரண்டு பேர் கையில். ஒன்றாவது போய்ச் சேரட்டும் என்று.

அதற்குப் பிறகுதான் அவர் காத்திருக்கிறதை நான் பார்த்தேன். அதுவரை பார்த்தது வேறு, அந்தக் காத்திருப்பின் பூட்டைத் திறக்கிற திறப்பு அவருடைய பைக்குள்ளேயே இருந்தது. வேண்டுமென்றால் எந்த நிமிஷமும் திறந்திருக்கலாம். இப்போது திறப்பு எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம். காலமை வேலைக்குப் போகும்போது தபால்பெட்டியைத் திறப்பார், வரும்போதும் திறப்பார். தபாலே இல்லாத ஞாயிறிலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பங்குனியில் ஒருநாள் படிக்கட்டில் சிகரெட் மணந்தது. போய்ப் பார்த்தால் அவர்.

"அண்ணை?"

"எல்லாத்துக்கும் பிறகு, பிறகு எண்டு சொன்னனான். இப்ப அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வருதில்லை, தங்கச்சி."

பிறகு, சிகரெட்டை நசித்துவிட்டுச் சொன்னார்: "இனி வாற கடிதத்தை நீங்களே உடையுங்கோ. உடைச்சு வாசிச்சுப்போட்டு என்னட்டைச் சொல்லுங்கோ. நான் உடைச்சாலும் பயம், வைச்சிருந்தாலும் பயம்."

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலமை கடிதம் வந்தது. இரண்டு வருஷமாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தவளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, கை வருகுதில்லை. வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, நின்றபடி உடைத்தேன். வாசித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக் குசினியின் பின்வாசலில் நின்று ஆள் அனுப்பினேன். வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக வந்தார். என் கையிலிருந்த கடிதத்தைக் கண்டதும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். கிட்ட வரவில்லை.

"என்னவாம்?"

"பொறுத்திருப்பாவாம், அண்ணை."

அதற்குப் பிறகுதான் வந்து வாங்கினார். கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசித்தார். அந்த அக்கா எழுதியிருந்ததை இப்போதும் என்னால் சொல்லமுடியும். "நீங்கள் எடுக்காததைப் பதிலாக எடுத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. கோட்டுப் பை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறொருத்தி நம்பமாட்டாள். கலியாண வீட்டுப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிவைத்து ஒன்றொன்றாக மூன்று கிழமை தின்ற மனுசனோடு ஆறு மாதம் இருந்ததால் நான் நம்புகிறேன். பொறுக்கிறேன். எவ்வளவு காலம் என்று நீங்கள் சொல்லவேண்டாம். அதை நான் சொல்வேன்."

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஓம் என்றுவிட்டு, கடிதத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு போனார். அன்றைக்குத் தட்டுகள் எல்லாம் சரியாகப் போயினவா என்று நான் கேட்கவில்லை.

பிறகொரு கடிதத்தில் அக்கா சொன்ன காலம் முடிகிறதுக்குள் பெர்மிட் கிடைத்தது. தொண்ணூற்றைந்தில் கொஞ்ச மாதம் சண்டை ஓய்ந்திருந்தபோது அவ வெளிக்கிட்டு வந்தா. அவ வந்த பிறகு அண்ணை வேறு மனுசன். கடிதமென்றால் கையில் கிடைத்த உடனே உடைப்பார், சொக்லேட்டென்றால் இரண்டாய் உடைத்துப் பாதியை அக்காவிடம் நீட்டுவார். அக்கா வீட்டுக்குள் நுழைய முதலே அன்றைய வேலைக் கதை எல்லாம் சொல்லத் தொடங்கிவிடுவார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். பயந்துபோன மனுசனின் சுறுசுறுப்பு அது.

அவ வந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு பின்னேரம் அக்கா எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. கதையோடு கதையாக நான் கேட்டேன்.

"அக்கா, அந்த நாலு நாளும் அந்தக் கடையில எப்பிடி இருந்தனீங்கள்?"

கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. கதவைப் பார்த்தா. மேலே அண்ணை நடக்கிற சத்தம் கேட்டது.

"ஆர் நாலு நாள் இருந்தது?" என்றா மெதுவாக. "புதன் இருந்தன். வியாழன் இருந்தன். கடைக்காரர் பாவம் பாத்துத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அந்தப் பாவம் பாக்கிறதைத்தான் என்னால தாங்கேலாமல் போச்சு. வெள்ளி லொட்ஜில நிண்ட ஒரு பிள்ளை, 'வாங்கோவன் அக்கா, காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போவம்' எண்டாள். போனன். றால் வடை திண்டன், ஐஸ்கிறீம் குடிச்சன். சனிக்கிழமையும் போனன். கலியாணத்துக்குப் பிறகு நான் நல்லாச் சிரிச்சது அந்த ரெண்டு நாள்."

"அப்ப வெள்ளிக்கிழமை இவர் எடுத்திருந்தால்?"

"நான் இருந்திருக்க மாட்டன்."

இரண்டு வருஷமாக அந்த மனுசன் நாலு நாளையும் சுமந்துகொண்டு திரிந்தாரே என்று மட்டும் நினைத்தேன்.

"அண்ணைக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லுவன்," என்றா அக்கா. "இப்ப இல்லை. இப்பதான் என்னைக் கண்ட உடன வாய் திறக்கப் பழகியிருக்கிறார். அது கொஞ்சம் ஊறட்டும். நீரும் வாயைத் திறந்திடாதையும்."

மேலேயிருந்து அண்ணையின் குரல் படிக்கட்டால் இறங்கி வந்தது.

"இஞ்சரும், எங்க நிக்கிறீர்? வாருமன்."

"வாறன்," என்று அக்கா சத்தமாகச் சொன்னா. சொல்லிவிட்டு, கோப்பையை என் பக்கம் தள்ளி, இன்னொருக்கா ஊற்றச் சொன்னா.